ஐந்தாம் வரி

அவருக்கு வெற்றிடம் ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, சிலருக்குக் கத்தரிக்காய். இவருக்கு, படிவத்தில் நிரப்பாமல் விட்ட ஒரு கோட்டைக் கண்டால் கழுத்தைச் சுற்றிச் சிவந்துவிடும். சொறிந்துகொண்டே பேனையைத் தேடுவார். எதையாவது எழுதி முடித்ததும் அந்தச் சிவப்பு அடங்கிவிடும். கதைக்காகச் சொல்லவில்லை, பலமுறை கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

பலெர்மோவில் இருந்த எங்கள் ஆட்கள் அவரை மோதுலோ அண்ணை என்பார்கள். மோதுலோ என்றால் இத்தாலியனில் படிவம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை நான் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அவர் சொன்ன பெயரும் கத்தோலிக்கக் கோயில் சாமியாரிடம் சொன்ன பெயரும் ஒன்றாக இருக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கபோச் சந்தையின் மீன்கடைகளுக்குப் பின்னால், ஒரு முற்றத்தைச் சுற்றி எழும்பிய நாலு மாடிப் பழைய வீடு. மூன்றாம் மாடியில் அப்பா, அம்மா, நான். கீழே, முன்னொரு காலத்தில் குதிரை கட்டிய அறையில் அவர். காலையில் லிபெர்த்தா வீதிக்குப் போய், கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஓர் அப்புக்காத்துக் கிழவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, சாப்பாடு தீத்திவிட்டு வருவார். மூன்று மணிக்குப் பிறகு அவருடைய அறை எங்கள் சனத்தின் கந்தோராக மாறிவிடும். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவர்கள், மனைவியைக் கூப்பிடப் பார்க்கிறவர்கள் எல்லோரும் படிவத்தோடு அங்கேதான் வந்து நிற்பார்கள். கையில் ஒன்றும் வாங்கமாட்டார். முதலில் அப்புக்காத்தர் கொடுத்த பழைய போத்தலில் இருந்த பழுப்பு மையால் ஒரு கடுதாசியில் எழுதிப் பார்ப்பார். பிறகுதான் கறுப்புப் பேனையால் படிவத்தில் ஏற்றுவார்.

"வெறுமையா விடாதேங்கோ," என்பார். "விட்டா ஆரும் வந்து அதுக்குள்ளை குந்திடுவினம்."

நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

அந்த அறையில் நாலு கதிரைகள் இருந்தன. ஒன்றில் அவர், ஒன்றில் வந்தவர். மற்ற இரண்டையும் கவிழ்த்துக் கட்டிலின் மேல் போட்டிருப்பார். வெறும் போத்தலுக்குள் பேப்பரைச் சுருட்டி அடைத்துவைப்பார். ஞாயிறு தமிழ்ப் பூசையில் அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே இடம் இருந்தால் செபப்புத்தகத்தை அதில் வைத்துவிடுவார். யாராவது பிந்தி வந்து அதை எடுத்துவிட்டு உட்கார்ந்தால், "அப்பாடா" என்பதுபோல ஒரு மூச்சு வரும்.

திரேசம்மா அக்காவின் கதை எங்கள் சனத்தில் எல்லோருக்கும் தெரியும். சகோதரங்கள் என்ற கேள்விக்குப் படிவத்தில் இரண்டு கோடுகள் இருந்திருக்கின்றன. அக்காவுக்கு இருந்தது ஒரே தம்பி. மற்றக் கோட்டில் இவர் சூசைமுத்து என்று ஒரு பெயரையும், இருபத்துநாலு வயதையும், பிறந்த ஊரையும் எழுதிவிட்டார். அக்கா கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டா. ஆறு மாதம் கழித்து, எந்தக் கந்தோரில் என்ன நடந்ததோ, சூசைமுத்துவின் பெயருக்கு வைத்திய அட்டை ஒன்று தபாலில் வந்து சேர்ந்தது.

"இனி இல்லாத ஆளுக்குக் காய்ச்சல் வந்தாலும் பயமில்லை," என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

மோதுலோ அண்ணை அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "ஆள் வந்திட்டார்தானே," என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திரேசம்மா அக்கா அந்த அட்டையை எறியவும் இல்லை, வைத்திருக்கவும் இல்லை. மாதாவின் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டா.

அம்மா லிபெர்த்தாவில் வேலை செய்த சிஞ்ஞோராவின் வீடும் அப்புக்காத்தரின் வீடும் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஒருநாள் மத்தியானம் சவர்க்காரம் இரவல் வாங்க மேலே போன அம்மா, வெளிறிய முகத்தோடு வீட்டுக்கு வந்தா. அங்கே மேசையில் மூன்று பேருக்குக் கோப்பை வைத்திருந்ததாம். அப்புக்காத்தரின் மனைவி செத்துப் பல வருஷம். கிழவர் அதை மறந்துபோய் நாளுக்குப் பத்துத்தரம் "எங்கே அவள்?" என்று கேட்பாராம். செத்துப்போனா என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுவாராம். அதனால் மோதுலோ அண்ணை, சந்தைக்குப் போயிருக்கிறா, தலைமயிர் வெட்டப் போயிருக்கிறா என்று ஏதாவது சொல்லி வந்திருக்கிறார். இவ்வளவும் நல்ல மனசுதான். ஆனால் அன்றைக்கு அம்மா கண்டது வேறு.

"கிழவர் வெறுங்கதிரையைப் பாத்துக் கேக்கிறார், உப்புக் காணுமோ, போதுமோ எண்டு. இவர் இஞ்சாலை நிண்டு, காணும் எண்டு சொல்லுறார். பொம்பிளைக் குரலிலை இல்லை, தன்ரை குரலிலைதான். ஆனா கிழவர் அந்தக் கதிரையைப் பாத்துச் சிரிக்கிறார். எனக்கு இவரிலை பயமில்லை, அந்தக் கதிரையிலைதான் பயம்."

அன்று அம்மா அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினா.

அவருக்குக் குடும்பம் இருந்ததா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால் மழுப்பமாட்டார், உடனே பதில் வரும். அம்மாவிடம் மன்னாரில் இரண்டு பெண்பிள்ளைகள் என்றார். அப்பாவிடம் ஒரே மகன், இயக்கத்துக்குப் போயிட்டான் என்றார். சாமியாரிடம் தான் கலியாணமே கட்டவில்லை என்றிருக்கிறார். மூன்று பேரும் ஒருநாள் சேர்ந்து கதைத்தபோதுதான் அது வெளிப்பட்டது. அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

நான் நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்த வருஷம் அந்தப் போட்டி வந்தது. சிசிலிப் பிராந்தியம் முழுவதும் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சரித்திர ஆய்வுப் போட்டி. நான் குடியிருக்கும் வீட்டின் சரித்திரம் என்பது தலைப்பு. புத்தகத்தைப் பார்த்து எழுதக்கூடாது, பழைய பதிவுகளைத் தேடிப் பிடிக்கவேண்டும், எதை எங்கே கண்டோம் என்பதைக் காட்டவேண்டும். எங்கள் சரித்திர ரீச்சர் கட்டையான, உரத்துச் சிரிக்கிற மனுஷி. "நீ எழுது. உன்னுடைய வீடு இந்த வகுப்பிலேயே பழைய வீடு," என்றார். கொழும்பைத் தாண்டி வந்து மூன்று வருஷமான எனக்கு, அந்த ஊரின் சரித்திரத்தை நான் எழுதலாம் என்று ஒருவர் சொன்னது தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா சந்தையில் மீன்காரர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பதிவு எங்கே கிடைக்கும் என்று சொன்னவர் மோதுலோ அண்ணைதான். நாங்கள் பூசைக்குப் போகிற கோயிலிலேயே இருந்தது. முன்பெல்லாம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் காலத்தில் சாமியார் வீடு வீடாகப் போய், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பெரிய புத்தகத்தில் எழுதுவாராம். அட்டையில் ஆத்துமாக்களின் நிலை என்று இத்தாலியனில் எழுதியிருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயிற்குட்டியார் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் பூச்சாடிகளைக் கழுவப் போனார். மோதுலோ அண்ணை பக்கம் புரட்டினார், நான் கொப்பியில் எழுதினேன். யுத்தத்துக் குண்டுகள் விழத் தொடங்குவதற்கு முந்திய வருஷப் பக்கத்தில், எங்கள் முற்றம், மூன்றாம் மாடி, எங்கள் வீடு.

ஒன்று, குடை திருத்துபவர், பெயர், வயது. இரண்டு, அவர் மனைவி. மூன்று, மகன் சல்வத்தோரே. நாலு, மகன் கயித்தானோ. ஐந்து, மகள், வயது ஏழு. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. விரல் நீளத்துக்கு வெறும் கடுதாசி. அந்தப் பிள்ளைக்கு ஏன் பெயர் எழுதாமல் விட்டார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. அடுத்த வருஷப் புத்தகத்தில் அந்த வீட்டுக்குக் கீழே ஆட்கள் இல்லை என்று மட்டும் இருந்தது.

நான் அந்த வெற்றிடத்தை என் கண்ணால் கண்டேன். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து நல்ல தாளில் திருப்பி எழுதும்போது, ஐந்தாவது வரியில் பெயர் தெரியவில்லை என்று எழுதப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"உப்பிடி எழுதாதை பிள்ளை."

"ரீச்சர் அப்பிடித்தான் எழுதச் சொன்னவ, மாமா. தெரியாட்டி தெரியாது எண்டு எழுதட்டாம்."

"தெரியாதெண்டு ஒண்டும் இல்லை. கொஞ்சம் பொறுத்தாத் தெரியவரும்."

கழுத்து சிவந்திருந்தது. தாளை வாங்கி நுன்சியா என்று எழுதினார். அதோடு விடவில்லை. குடை விரிகிற சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளை, தோடம்பழத் தோலை அறாமல் உரித்துக் கதவுப் பிடியில் தொங்கவிடுகிற பிள்ளை என்று பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினார்.

"உதெல்லாம் ஆர் சொன்னது?"

"கேள்விப்பட்டனான்."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். ஆனால் அந்த மூன்று வரியும் வந்ததும் என்னுடைய கட்டுரை சட்டென்று அழகாகிவிட்டது. குடைகாரனின் மகளுக்குக் குடைச் சத்தம் பயம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? பதின்மூன்று வயதில் எனக்கு உண்மையைவிடப் பரிசில் ஆசை கூட. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவருடைய அறைக்குப் போனபோது ஒரு மாற்றத்தைக் கண்டேன். கட்டிலில் கவிழ்ந்து கிடந்த கதிரைகளில் ஒன்று நிமிர்ந்து மேசையடியில் இருந்தது. நான் இழுத்து உட்காரப் போனேன்.

"அதிலை இருக்காதை," என்றார். அதட்டவில்லை. ஒரு ஆள் இருக்கிற இடத்தில் இருக்கப் போனவளைத் தடுக்கிற மாதிரி மெல்லச் சொன்னார். நான் நின்றுகொண்டே கதைத்துவிட்டு வந்தேன்.

கட்டுரை முதல் தெரிவில் தேறிவிட்டது. கடைசிச் சுற்றுக்கு அனுப்புமுன் மூலப் பதிவைத் தானே பார்த்து ரீச்சர் கையெழுத்து வைக்கவேண்டும் என்று விதி. பெயர் இல்லாத இடத்தில் பெயர் எழுதியவள் என்று வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நிற்கப் போகிறேன், அப்பா மீன்காரர்களின் முகத்தில் எப்படி முழிப்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே ரீச்சருக்குப் பின்னால் கோயிலுக்கு நடந்தேன்.

புத்தகத்தைத் திறந்தார்கள். ரீச்சர் விரலால் தடவிக்கொண்டே வந்தார். மூன்று, நாலு, ஐந்து.

"இதோ. நுன்சியா, ஏழு வயது," என்று வாசித்தார். "மற்றப் பெயர்களைவிட இது தெளிவாகவே இருக்கிறதே!"

வெற்றிடம் இருந்த இடத்தில் பெயர் இருந்தது. பழுப்பு மை. பழைய எழுத்துகளின் நிறத்துக்கு இம்மியும் பிசகவில்லை. எங்கள் சனத்தின் நூறு படிவங்களில் நான் பார்த்திருந்த, முதலெழுத்தின் காலை நீட்டிக் கீழே ஒரு கொக்கி போடுகிற அதே கை. அவர் என் கட்டுரையோடு நிறுத்தவில்லை. கோயிலின் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். ரீச்சர் கையெழுத்து வைத்தார். என் தோளில் தட்டினார். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காததை அவர் சந்தோஷம் என்று நினைத்திருக்கவேண்டும்.

நேரே அவரிடம் போனேன்.

"மாமா, கோயில் புத்தகத்திலை நீங்களோ எழுதினது?"

"எதை?"

"நுன்சியா எண்டதை."

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது முந்தியே இருந்ததுதானே பிள்ளை. நீ அண்டைக்கு வடிவாப் பாக்கேல்லை."

பொய் சொல்கிறவரின் முகம் எனக்குத் தெரியும். என்னுடைய முகமே அந்த நாட்களில் அப்படித்தான் இருந்தது. அவருடைய முகத்தில் அது இல்லை. அவர் நம்பிச் சொன்னார். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதால், அன்றைக்கு நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. என் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அதில் ஐந்தாவது வரி வெறுமையாகத்தான் இருந்தது. அந்தத் தாளை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டேன். அதை அவர் செய்யச் சொல்லவில்லை, நானாகவே செய்தேன்.

அந்த வருஷக் கடைசியில் அவர் பலெர்மோவை விட்டுப் போய்விட்டார். அப்புக்காத்தர் இறந்ததும் அறையைத் திருப்பிக் கொடுத்தார். ஜேர்மனி என்றார்கள், கனடா என்றார்கள். திரேசம்மா அக்கா அவரை ஏதோ ஒரு ஸ்டேஷனில் கண்டதாகவும் அவர் கண்டுகொள்ளவில்லை என்றும் சொன்னா. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவரை நினைக்கும்போது வருகிற காட்சி ஒன்றுதான், அது பரிசளிப்பு நாள்.

எனக்குப் பிராந்தியப் பரிசு கிடைத்திருந்தது. பொலிதேயாமா நாடக அரங்குக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில், மே மாதக் காலையில் விழா. அம்மா சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு, கலியாண வீட்டுச் சேலையில் வந்திருந்தா. அப்பா கோட்டு இரவல் வாங்கியிருந்தார். மோதுலோ அண்ணையும் சவரம் செய்து, அப்புக்காத்தரின் பழைய கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து அவர்களுக்குப் பின்னால் இருந்தார். அவருடைய பெர்மெசோ புதுப்பிப்பு அந்த மாதம் கந்தோரில் கிடந்தது. இவர் நல்ல மனுஷன் என்று சாமியார் கொடுத்த கடிதம்தான் அதற்கு ஒரே பலம். அந்தச் சாமியாரின் புத்தகத்தில்தான் அவர் கைவைத்திருந்தார். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

விழா முடிந்து சனம் எழும்பியபோது ஒரு பெண் என்னிடம் வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. கையில் பத்திரிகைத் துண்டு ஒன்று, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. என் கட்டுரையைப் பற்றிய நாலு வரிச் செய்தி. குடை திருத்துபவர், இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு சின்னப் பெண்பிள்ளை என்று மட்டும் அதில் இருந்தது, பெயர்கள் இல்லை.

"நான் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள்," என்றார். "குண்டு விழுந்த நாட்களில் என்னைத் தெருவில் கண்டு எடுத்தார்களாம். எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பயத்தில் குடும்பப் பெயர்கூட மறந்துபோய்விட்டது. எனக்கு நினைவிருப்பது, அப்பா குடை திருத்துவார். இரண்டு அண்ணன்கள், தொத்தோ, தானோ. ஒரு முற்றம். நாற்பது வருஷமாக இந்த ஊரில் உள்ள முற்றமெல்லாம் ஏறி இறங்கிவிட்டேன்."

சல்வத்தோரேயை வீட்டில் தொத்தோ என்பார்கள். கயித்தானோவைத் தானோ என்பார்கள்.

"என் பெயர் கொன்சேத்தா. பெயரில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா மாடியிலிருந்து கூப்பிடுகிற குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது, மகளே?"

பெயர் இல்லை, அந்த இடம் வெறுமையாக இருந்தது, அது நீங்கள்தான் என்று சொல்ல மூன்று நொடி போதும். அம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தா. ரீச்சர் யாருக்கோ என்னைக் காட்டிக்கொண்டு நின்றார். பரிசுப் பத்திரம் என் கையில் இருந்தது. மோதுலோ அண்ணை அதற்குள் எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். நான் சொன்னால் அவரை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பத்திரத்தைத்தான் நினைத்தேன்.

"நுன்சியா," என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறவில்லை. எங்கிருந்தோ வருகிற குரலைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார்.

"அப்படித்தான் எழுதியிருக்கிறதா? வேறு பிள்ளை இல்லையா?"

"அப்படித்தான் எழுதியிருக்கிறது, சிஞ்ஞோரா."

பத்திரிகைத் துண்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். திரும்பப் போனவர் நின்றார்.

"அந்த நுன்சியாவுக்குப் பிறகு என்ன நடந்தது?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மோதுலோ அண்ணை முந்திவிட்டார். பிழையில்லாத இத்தாலியனில், தான் நேரில் பார்த்ததைச் சொல்கிறவரைப்போலச் சொன்னார்.

"அவளைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள், சிஞ்ஞோரா. ஐந்து பேரும் ஒன்றாகப் போனார்கள். தகப்பன் அவளைத் தோளில் வைத்திருந்தார்."

அந்தப் பெண் தலையை ஆட்டினார். கைப்பையைப் பூட்டினார்.

"நல்ல காலம்," என்றார். "அந்தப் பிள்ளையையாவது விட்டுவிட்டுப் போகவில்லை."